திரைக்குப் பின்னால் திருமுடி

அரசன் முடி தரிப்பான், ஆட்சி புரியான்! ஆங்கில நாட்டு முடியரசைப் பற்றிப் பேசப் புகுவோர் அனைவரும் இதனைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்புவிப்பர். இக்கொள்கைக்கு இலக்கணம் வகுத்த நூல் எதுவெனக் கேட்டால், வால்ட்டர் பாஜெட் 1867-ல் வெளியிட்ட 'ஆங்கில அரசியலமைப்பு' என்பர். ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்திற்கு வருமுன் பாடமாகவே படித்த நூல் அது.

நடையழகில் குறை சொல்ல இயலாது. 'எக்கானமிஸ்ட்' ஏட்டின் ஆசிரியரன்றோ! அரசாங்கத்தை இரு கூறாக்குகிறார் பாஜெட். மக்களை மலைத்து நிற்கச் செய்யும் கூறு ஒன்று. மெய்யாகவே வேலை பார்க்கும் கூறு மற்றொன்று. அரசி முன்னதிலே, அமைச்சரவை பின்னதிலே. அரசியிடம் எஞ்சுவன மூன்றே உரிமைகளாம்: கலந்தாலோசிக்கப்படுவது, ஊக்குவிப்பது, எச்சரிப்பது.

சரி, மலைக்க வைக்கும் அந்தக் கூறு எதற்காம்? அமைச்சரவை, பாராளுமன்றம், கட்சி என்றால் பாமரனுக்குப் புரியாதாம். ஒரு குடும்பம், ஒரு முடி என்றால் புரியுமாம். ஆகவே அந்த முடியை வெளிச்சத்துக்குக் கொண்டுவரலாகாது என்கிறார். அறியாமையைப் போக்க வழி சொல்ல வேண்டிய அறிஞர், அதன்மீதே அரசுக்கு அடித்தளம் போடுகிறார்! கருவறைக்குத் திரையிடும் பூசாரிகூட இத்தனை வெளிப்படையாகக் காரணம் சொன்னதில்லை.

அவர் கணிப்பில் உண்மையே இல்லையென்று கூறமாட்டோம். பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்கு இசைவு மறுத்தவர் 1708-ல் ஆன் அரசி; அதன்பின் எவரும் துணிந்ததில்லை. 1834-ல் நான்காம் வில்லியம் மெல்பர்ன் அமைச்சரவையை விலக்கினார். மறு ஆண்டே மெல்பர்ன் மீண்டும் பதவியேறக் கண்டார். வெளிப்படையான வாள் துருப்பிடித்துவிட்டது, மெய்.

உறைக்குள் இருப்பது என்ன? 1957-ல் ஈடன் விலகினார். தலைவரைத் தேர்தல் வைத்துத் தெரிந்தெடுக்கும் முறை கன்சர்வேட்டிவ் கட்சிக்கு அன்று இல்லை. பட்லர்தான் வருவார் எனப் பலரும் எண்ணியிருக்க, எலிசபெத் அரசி சர்ச்சிலையும் சாலிஸ்பரி பிரபுவையும் கலந்து, மாக்மில்லனை அழைத்தார். 1965-ல் அக்கட்சி வாக்கெடுப்பு முறைக்கு வந்த பின்னரே அந்த வாயில் அடைபட்டது.

இன்னொரு வாயில் அடைபடவேயில்லை. அரசுரிமையையோ அரச குடும்பத்தின் சொத்தையோ தொடும் மசோதா எதுவாயினும், நிறைவேறுமுன்பே அரண்மனையின் ஒப்புதல் பெறவேண்டும். 1999-ல் டாம் டேலியல், ஈராக்மீது படை ஏவும் அதிகாரத்தை முடியிடமிருந்து பாராளுமன்றத்துக்கு மாற்ற மசோதா கொணர்ந்தார். அமைச்சர்களின் யோசனைப்படி ஒப்புதல் மறுக்கப்பட்டது. மசோதா விவாதத்துக்கே வராமல் மடிந்தது. மறுத்தது அரசியின் பெயர், மகிழ்ந்தது அமைச்சரவை! பாஜெட் பிரித்துக் காட்டிய இரு கூறுகளும் இங்கே ஒன்றுக்கொன்று போர்வையாகிவிடுவதைப் பாருங்கள்.

2019-ல் அந்தப் போர்வை கிழிந்தது. பாராளுமன்றத்தை ஐந்து வாரங்கள் மூடிவைக்கச் சொன்னார் ஜான்சன், அரசி ஒப்பினார். செப்டம்பர் 24-ல் உச்சநீதிமன்ற நீதிபதிகள் பதினொருவரும் ஒருமித்து, அது சட்டவிரோதம் என்றனர். எச்சரிக்கும் உரிமை எங்கே போயிற்று? அரசி எச்சரித்தாரா, வாளாவிருந்தாரா? கேட்கும் உரிமை குடிமகனுக்கு இல்லை. உரிமை மூன்று என்று எண்ணிச் சொன்ன பாஜெட், அவை எப்படிப் பயன்படுகின்றன என்பதைக் குடிகள் எவ்வாறு அறிவது என்று சொல்லாமலே நூலை முடித்துவிட்டார்.

ஒரேயொரு முறை திரை சற்று விலகியது. சார்லஸ் இளவரசராயிருந்தபோது, 2004, 2005 ஆண்டுகளில் அமைச்சர்களுக்கு எழுதிய கடிதங்கள், 'கார்டியன்' ஏடு பத்தாண்டு வழக்காடிய பிறகு 2015-ல் வெளிவந்தன. மூலிகை மருந்து, பண்ணைக் கால்நடை, ஈராக்கில் படையினரின் ஹெலிகாப்டர் என எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. நல்லெண்ணத்தோடும் எழுதியிருக்கலாம். ஆயினும் வேறெந்தக் குடிமகனின் கடிதத்துக்கு அமைச்சர் அத்தனை பணிவோடு மறுமொழி எழுதுவார்?

தீர்ப்பு வருமுன்னரே, 2010-ல், தகவல் உரிமைச் சட்டத்தைத் திருத்தி, மன்னரும் பட்டத்துரிமையாளரும் எழுதும் கடிதங்களுக்கு முழுவிலக்கு அளித்துவிட்டது பாராளுமன்றம். அந்த இளவரசர் 2022-ல் மூன்றாம் சார்லஸ் ஆனார். வாரந்தோறும் பிரதமர் அவரைத் தனியே சந்திக்கிறார்; அங்கே பேசப்படுவது வெளியிடப்படுவதில்லை.