சுருதி மாற்றமும் துருத்தியின் மூச்சும்

மேற்கத்திய இசையின் 'கீ'யை, முழுக்கப் பொருந்தாது என்று தெரிந்தே, சுருதி என்று சொல்கிறேன். ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு மனோபாவம் உண்டென்பது அங்கே பழைய நம்பிக்கை. 1806இல் அச்சான கிறிஸ்டியான் ஷுபார்டின் நூல் அதற்கொரு பட்டியலே தருகிறது. பன்னிரண்டு ஸ்வரங்களும் சம இடைவெளியில் பிரிக்கப்பட்ட பிறகு பட்டியலுக்கு ஆதாரம் போய்விட்டது. பியானோ அக்கார்டியனில் பாட்டை அரை ஸ்வரம் ஏற்றினால் உயரம் மாறுகிறது, விரல் மாறுகிறது. ஸ்வரங்களின் உறவு அப்படியே இருக்கிறது. கடைசி சரணத்தில் சுருதியை ஏற்றி உச்சம் காட்டுவது, என் வரையில், குரலை உயர்த்தி வாதத்தில் ஜெயிக்கப் பார்ப்பதுதான்.

அயர்லாந்தின் பட்டன் அக்கார்டியன் வேறு ரகம். ஒரே பட்டன், துருத்தியை அழுத்தினால் ஒரு ஸ்வரம், இழுத்தால் இன்னொன்று. டி வரிசை உள்ள பெட்டியில் டி மேஜரின் ஆரோகணத்தை அந்த ஒரு வரிசையிலேயே வாசித்தால் துருத்தி 6 முறை திசை மாற வேண்டும். வெட்டு விழுகிறது, தாளம் தூக்கலாகிறது. பி, சி என அரை ஸ்வரம் தள்ளிய இரு வரிசைகள் கொண்ட பெட்டியில் அதே ஆரோகணத்துக்கு 2 திருப்பங்கள் போதும். இத்தனைக்கும் டி அந்தப் பெட்டிக்குச் சொந்தச் சுருதி இல்லை. வரிசை தாண்டித்தான் எட்ட வேண்டும். டிப்பரரியைச் சேர்ந்த பாடி ஓ'பிரையன் 1950களில் பரவச் செய்த, வழுக்கிச் செல்லும் பாணி இந்த அந்நியத்தில் பிறந்தது.

இதே பெட்டியில் டியிலிருந்து ஜி மேஜருக்குப் போனால் திருப்பங்கள் 4 ஆகின்றன. குமாஸ்தா புத்தி, எண்ணிப் பார்த்தேன். ரீல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வாசிக்கையில் சுருதி மாறும் இடத்தில் நாம் உணரும் சிலிர்ப்புக்கு உயரம் மட்டும் காரணமில்லை. வாக்கியம் மூச்சு விடும் இடங்களே மாறிவிடுகின்றன. காது அதைக் கேட்டுவிடுகிறது, பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும்.

யாப்பைத் துறந்ததே விடுதலை என்போரும், யாப்பில்தான் இசை என்போரும் நம்மிடையே இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள். இரு தரப்பும் குணத்தை வடிவத்தின் பெயரில் தேடுகிறது. குறிப்பிட்ட ஒரு கவிதையில் வரி எங்கே முறிகிறது, அங்கே மூச்சு ஏன் திரும்ப வேண்டியிருந்தது என்று கேட்காத விமர்சனம், ஷுபார்டின் பட்டியலில் இன்னும் இரண்டு வரி சேர்ப்பதோடு சரி.