பதவிக்கு வாசல், வாசலில் கடவுள்!

தேர்தல் என்றதும் யார் வெல்வார், யார் வீழ்வார் என்று கணக்கிடுவோர் பலர். வேட்பாளனாவதற்கு எத்தகைய மனிதன் தகுதியுடையவன் என்று சட்டம் எழுதி வைத்திருப்பதைப் படித்துப் பார்ப்போர் சிலரே. அத்தகைய வாசகம் ஒன்றை இங்கே திறனாய்வோம். இலக்கியம் அன்று, எனினும் இலக்கண வகுப்புக்கு ஏற்ற வாக்கியம்!

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலப் பொதுத்தேர்தலுக்குக் குறிக்கப்பட்ட நாள் 2026 நவம்பர் 3. இங்கே ஆளுநர் டெல்லியால் அமர்த்தப்படுகிறார். அங்கோ ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கின்றனர். ஆளுநர் மட்டுமா? துணை ஆளுநர், தலைமை வழக்கறிஞர், நில ஆணையர், வேளாண் ஆணையர், மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள் — அனைவரும் மக்கள் வாக்கால் வருகின்றவர்களே. ரயில்வே ஆணையர் என்றும் ஒரு பதவி உண்டு! அந்த ஆணையம் கவனிப்பதோ எண்ணெயும் எரிவாயுவும். ரயில் குறித்த எஞ்சிய பொறுப்பும் 2005-ல் கைமாறிவிட்டது. பெயர் மட்டும் போக மறுக்கிறது. பழமையின் பிடி அப்படி!

இத்தனை பதவிகளுக்கும் பொதுவான விதி ஒன்று, 1876-ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட அம்மாநில அரசியல் சட்டத்தின் முதல் அதிகாரம், நான்காம் பிரிவில் உள்ளது. பதவிக்கு மதச் சோதனை கூடாது. மதக் கருத்துக்காக எவரையும் விலக்கலாகாது என்கிறது. படிக்கும்போதே நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் வாக்கியம் முடியவில்லை, தோழர்களே! பரம்பொருள் ஒன்று உண்டென அவர் ஒப்புக்கொண்டால், என்று தொடர்கிறது. தமிழில் சொன்னால் ஓர் 'ஆல்'. அந்த ஓரசை, முன்னே நின்ற வாக்கியம் முழுவதையும் விழுங்கிவிடுகிறது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அந்த வித்தை!

எந்தக் கடவுள் என்று விதி கேட்கவில்லை. எவ்வளவு நம்பிக்கை என்றும் கேட்கவில்லை. நம்பாதவன் வாயளவில் ஒப்பினால் போதும், உள்ளே போகலாம். எனவே இவ்விதி நாத்திகனைத் தடுப்பதன்று. உண்மை பேசும் நாத்திகனை மட்டுமே தடுப்பது. பொய்யனுக்குப் பந்தல், மெய்யனுக்குப் படலை!

செத்த விதிக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்பர் சிலர். செத்ததுதான். மேரிலாந்து மாநிலத்தில் ராய் டார்காசோ என்பார், கடவுள் நம்பிக்கையை அறிவிக்க மறுத்ததால் நோட்டரி பதவியை இழந்தார், வழக்காடினார். 1961-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒருமனதாக, அத்தகைய சோதனை செல்லாதென்றது. நீதிமன்றத்தில் செத்தது மேடையில் சாகுமா? பகுத்தறிவாளர் இங்கர்சால் 1868-ல் இல்லினாய் ஆளுநர் பதவிக்கு முயன்றார். கட்சி அவரை நிறுத்தவில்லை. கொள்கையை மறைத்திருந்தால் பதவி வந்திருக்கும் என்றே அவர் வரலாற்றில் பேசப்படுகிறது.

நம் அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையோ இரு வழியும் தருகிறது. கடவுள் பெயரால் ஆணையிடலாம். உளமார உறுதியும் கூறலாம். 1967 மார்ச் 6-ல் அண்ணா பதவியேற்றது இரண்டாம் வழியில். எவரும் வாசலில் மறிக்கவில்லை.

டெக்சாஸ் சட்டத்தைத் திருத்துவது அரிய செயலும் அன்று. சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கினர் இசைந்து, பின்னர் மக்கள் வாக்களித்தால் போதும். 500 முறைக்கும் மேலாகத் திருத்திவிட்டார்கள். நான்காம் பிரிவு மட்டும் 1876-ல் ஏற்கப்பட்டவாறே இருக்கிறது.