ஓரிகன் மகளிர் நிலக்குடிகளின் எழுத்து

ஒரு நூலுக்கு ஓர் ஆசிரியர் என்பது நமக்குப் பழகிய வழக்கு. பலர் எழுதியதாயின் தொகுத்தாரையேனும் ஆசிரியராகக் கொள்கின்றோம். 1976-இல் அமெரிக்க ஓரிகன் மாநிலத்தின் தென்பகுதியிலிருந்து வெளிவந்த 'கன்ட்ரி லெஸ்பியன்ஸ்' என்னும் நூல் இவ்வழக்கிற்குள் அடங்காதது. கிராண்ட்ஸ் பாஸ் என்னும் ஊரையடுத்த மலைப்பாங்கில் 1974-இல் 'உமன்ஷேர்' என்னும் குடி அமைந்தது. அக்குடியினராகிய பெண்டிர் ஐவர் கூடி இந்நூலை எழுதித் தம் குழுவின் பெயராலேயே வெளியிட்டனர். பெண்ணைக் காதலிக்கும் பெண்டிர் ஆடவரின்றி, நகரை நீங்கி, மண்ணைக் கொத்தியும் மரத்தை அறுத்தும் கூடிவாழ்ந்த வாழ்க்கையே நூற்பொருள்.

சமூகவியலார் இதனைக் காலத்தின் சான்றேடாகக் கொள்வர். இலக்கியம் கற்றாரோ கலைநயம் குறைந்த கொள்கைநூல் என்று அப்பாற் செல்வர். நூலை முழுதும் படித்தார்க்கு இவ்விரு கருத்தும் அமையா என்பது எம் துணிபு.

பின்னணியைச் சுருங்கக் கூறின் போதும். 1970-களை ஒட்டி அமெரிக்க இளைஞர் பலர் நகரை வெறுத்து நாட்டுப்புறம் புக்கனர். அவர்தம் கூட்டுக்குடிகள் பலவற்றில் ஆடவர் வீடு கட்டினர், பெண்டிர் சமைத்தனர். புதுவாழ்வு என்று வந்தவிடத்தும் அடுப்படி மாறவில்லை. இதனை மறுத்த பெண்டிர் தமக்கென நிலம் தேடினர். கலிபோர்னியாவின் ஆல்பியனிலிருந்து 1970-களின் தொடக்கத்தில் 'கன்ட்ரி விமன்' என்னும் இதழ் தோன்றிற்று. 1974-இல் ரூத் மவுண்டன்குரோவ், ஜீன் மவுண்டன்குரோவ் என்னும் இணையர் ஓரிகனின் உல்ஃப் கிரீக் பகுதியிலிருந்து 'உமன்ஸ்பிரிட்' என்னும் காலாண்டிதழைத் தொடங்கினர். 1985-இல் ஜாய்ஸ் செனி 'லெஸ்பியன் லேண்ட்' என்னும் தொகுப்பில் இத்தகைய பல குடிகளின் வரலாற்றை, அவற்றில் வாழ்ந்தோர் வாய்மொழியாகவே திரட்டித் தந்தார்.

இவ்வெழுத்துகளின்மீது சாற்றப்படும் பெருங்குற்றம் ஒன்றுண்டு. பெண்ணே இயற்கை, இயற்கையே பெண் என்று இவை மயங்கின என்பது அது. 'உமன்ஸ்பிரிட்' இதழை நோக்கின் குற்றம் பொருந்துவதுபோல் தோன்றும். கதிர்த்திருப்ப நாட்களையும் சமஇரவு நாட்களையும் ஒட்டி, 1984 வரை 40 இதழ்கள் வெளிவந்தன. கனவும் சடங்கும் பாட்டும் அவற்றில் மிகுதி. மண் தாயாகின்றது, நிலவு தோழியாகின்றது. நெஞ்சார எழுதியவை என்பதில் எமக்கு ஐயமில்லை. எனினும், மலையையும் மழையையும் தாய் என்னும் ஒரு சொல்லால் மூடிவிடின், அம்மலை எம்மலை என்று கேட்கத் தோன்றுகின்றது. தொல்காப்பியர் முதற்பொருளோடு அமையாது கருப்பொருளையும் வேண்டியது எதற்காக? மரமும் புள்ளும் தொழிலும் வாராத நிலம் வெறும் பெயரே. தென் ஓரிகனில் கோடை வறண்டது. மாரி விடாது பொழிவது. டக்ளஸ் ஃபர் மரமும், செம்பட்டை உரிந்து நிற்கும் மத்ரோனாவும், தொட்டால் தோல் கொப்பளிக்கும் நச்சு ஓக்கும் அம்மண்ணுக்கு உரியவை. இவை புகுந்தவிடத்துப் பாட்டு நிற்கின்றது. தாய் மட்டும் நின்றவிடத்துத் தளர்கின்றது.

அகத்திணை நெறியை அப்படியே இங்குப் பொருத்துதல் இயலாது. அது தலைவனையும் தலைவியையும் நிறுத்தியே காதலைப் பேசுவது. அன்றியும், நம் குறிஞ்சிக்குக் கிரயப்பத்திரம் கிடையாது. நிலத்தின் விலையைப் பாடாமலே ஐந்திணையும் நடந்து முடிந்துவிடுகின்றது. 'கன்ட்ரி லெஸ்பியன்ஸ்' நூலில் இதற்கு மாறாகப் பணமே முதலிற் பேசப்பட வேண்டியதாகின்றது. செல்வக்குடியிற் பிறந்தாளும் உழைக்கும் குடியிற் பிறந்தாளும் ஒரு கூரையின்கீழ் வாழ்கின்றனர். இவருள் ஒருத்திக்குச் சிக்கனம் ஒரு விரதம். மற்றவளுக்கோ அது பிறந்த நாள்தொட்டு விடாத தளை. வறுமையைத் தேர்ந்துகொள்வதும் வறுமையிற் பிறப்பதும் ஒன்றல்ல என்னும் உண்மையை, கொள்கை கூறும் எந்நூலினும் இந்நூல் தெளிவாக உணர்த்துகின்றது. காதலும் அவ்வாறே. இருவர் பிணைந்தால் ஏனையோர் புறத்தாராவர் என்னும் அச்சம், பொறாமை, பிரிவு ஆகியன மறைக்கப்படவில்லை. ஐவர் எழுதியமையின் ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு முடிவு இல்லை. ஒருமைப்பாடின்மை என்று குறைகூறுவாருளர்; யாம் அதனையே நூலின் வடிவம் என்கின்றோம்.

உழைப்பைப் பற்றிய பகுதிகளுடன், ஷெர்ரி தாமஸ், ஜீன் டெட்ரால்ட் இருவரும் 1976-இல் வெளியிட்ட 'கன்ட்ரி விமன்' கையேட்டையும் சேர்த்துக் கற்றல் வேண்டும். வேலியடைப்பு, கொட்டகை, ஆடு, கோழி என்று அது நடக்கும். இவையா இலக்கியம் எனின், ஆம் என்றே கூறுவோம். ரம்பம் பிடிக்கத் தெரியாது வளர்க்கப்பட்ட ஒருத்தி அதனைக் கற்றுக்கொள்வதைச் சொல்லுமிடத்து, பெண்மை பிறப்பால் வந்த இயல்பாக நிற்கவில்லை. கை பழகப் பழக மாறுவதாகின்றது. இயற்கையும் பெண்ணும் ஒன்று என்னும் குற்றச்சாட்டுக்கு விடை இப்பக்கங்களிலேயே உள்ளது. கட்ரியோனா சாண்டிலாண்ட்ஸ் 2002-இல் எழுதிய ஆய்வுரையில் தென் ஓரிகன் குடிகளின் மண்ணரசியலை விரித்துரைத்து, அதனை வெறும் மயக்கமெனத் தள்ளலாகாது என்று காட்டினார். அவர் சடங்கிற்குக் கொடுத்த இடத்தை யாம் தொழிலுக்குக் கொடுக்க விழைகின்றோம்.

சொல்லாக்கத்திலும் இவர்கள் துணிந்தவர். ஆங்கிலத்திற் பெண்டிரைக் குறிக்கும் சொல்லில் ஆடவரைக் குறிக்கும் சொல் ஒட்டிநிற்பதால், எழுத்தை மாற்றி எழுதினர். தமிழில் 'பெண்' தனிவேர் உடையதாதலின் நமக்கு அவ்விடர் இல்லை. தந்தை பெயரும் கணவன் பெயரும் வேண்டா என்று தாம் வாழ்ந்த இடத்தின் பெயரைச் சூடினாரும் உளர். மவுண்டன்குரோவ் என்பதே அவ்விணையர் முன்பு வாழ்ந்த ஒரு கூட்டுக்குடியின் பெயர். ரூத்தும் ஜீனும் வாழ்ந்த 'ரூட்வொர்க்ஸ்' நிலத்தில் 1979 முதல் நிழற்படப் பயிற்சிகள் நடந்தன. அவற்றைச் 'செமினார்' என்னாது, முட்டையைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து 'ஓவுலர்' என்றனர். முன்னது விந்தைக் குறிக்கும் வேரினது என்பது காரணம். ஆயின் அவ்வேரிற் பிறந்த செமினாரியம் என்னும் சொல்லுக்கு நாற்றங்கால் என்றே பொருள். மண்ணைத் தேடி வந்தோர் உழவுச்சொல் ஒன்றைக் கைவிட்டது வியப்பே.

நிலம் யாருடையது என்னும் வினாவில் இவ்வெழுத்துகள் இடறுகின்றன. ஓரிகன் மகளிர் நில அறக்கட்டளை 1976-இல் 147 ஏக்கர் நிலத்தை வாங்கி, தனியொருத்திக்கும் உரிமையாகாதவாறு பொதுவில் வைத்தது. கைப்பொருளற்ற பெண்ணும் வந்து தங்கலாம் என்பது கொள்கை. எனினும், கதவு திறந்திருப்பதனாலேயே எல்லாரும் உள்ளே வந்துவிடுவதில்லை. ஓரிகன் குடிகளில் வெள்ளையரே பெரும்பாலர். ஆர்கன்சா மாநிலத்து 'ஆர்க்கோ ஐரிஸ்' நிலம் வெள்ளையரல்லாப் பெண்டிர்க்கெனத் தனியே அமைந்ததன் காரணத்தை இங்கு நினைத்தல் வேண்டும். ரோக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் முன்னர் வாழ்ந்தோர் டக்கெல்மா முதலிய குடியினர். 1855–56 போரையடுத்து வடக்கேயுள்ள ஒதுக்கிடங்களுக்கு அகற்றப்பட்டோர். இல்லம் திரும்பினோம் என்னும் உணர்வோடு எழுதப்பட்ட பக்கங்களை, இல்லத்தினின்று துரத்தப்பட்டோரை மறந்து படித்தல் திறனாய்வாகாது.

இவ்வகை எழுத்தென்றவுடன் பலரும் நினைப்பது சாலி மில்லர் கியர்ஹார்ட் 1970-களின் இறுதியில் இயற்றிய 'வாண்டர்கிரவுண்ட்' என்னும் புனைவையே. அதன்கண் மலைமகளிர் உள்ளத்தால் உரையாடுவர். ஆடவரின் வன்மையும் பொறிகளும் நகரெல்லையைக் கடந்தால் செயலற்றுப்போம். கற்பனை அழகியதே. எனினும் உள்ளம் உள்ளத்தோடு நேரே பேசுமாயின், விறகு யார் வெட்டுவது என்ற பூசலுக்கு இடமேது? உமன்ஷேர் மகளிர்க்கு அவ்வாற்றல் வாய்க்கவில்லை. அவர்கள் கூடியமர்ந்து, சினந்து, அழுது, வாய்திறந்தே பேசவேண்டியிருந்தது. பட்டவகுப்பில் ஒரு நூலைப் பாடமாக வைக்க எம்மைக் கேட்பின், ஐவர் எழுதிய அந்நூலையே வைப்போம்.