கால் வலியும் சீட்டுப் பணமும்

வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இல் வந்தபோது அழுதுகொண்டே பார்த்தேன். அந்தச் சூட்டோடு, ஜவுளிக்கடைப் பெண்ணின் வீங்கிய கால்களைப் பற்றி ஒரு கவிதையும் எழுதினேன். விடுமுறை நாட்களில் ஜவுளிக்கடையில் நின்று, அந்தப் பணத்தில் படித்த என் மாணவி ஒருத்தி பின்னாளில் அதைப் படித்துவிட்டுக் கேட்டாள்: "கால் வலி சரிதான் மேடம். சீட்டுப் பணம் எங்கே?"

அந்தக் கேள்வியோடு படத்தை மறுபடி பார்த்தேன். அதன் பெறுமதி குறைந்துவிடவில்லை. தாமதமான நிமிடங்களுக்குச் சம்பளப் பிடித்தம், சோற்றுக்கு முண்டியடிக்கும் சாப்பாட்டுக்கூடம், நெருக்கியடித்துப் படுக்கும் தரை. கதாநாயகிக்குப் புடவை எடுக்கும் இடமாக மட்டுமே ஜவுளிக்கடையைக் காட்டிவந்த சினிமாவில் இது சிறிய காரியமல்ல.

ஆனால் குறைந்த கூலியில் வாழ்வது துன்பம் மட்டுமல்ல, ஓயாத நிர்வாகமும்கூட. எந்த மாதம் சீட்டை எடுப்பது, யாரிடம் கைமாற்றுக் கேட்கலாம், யாரிடம் கேட்டால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், தோழியின் தோடு எத்தனை நாள் அடகில் இருக்கலாம், அம்மாவின் குழுக்கடன் தவணைக்கு எந்தச் செலவைத் தள்ளிப்போடுவது? என் மாணவி இவற்றை விரல்விட்டுச் சொன்னாள். இந்த அறிவு பெரும்பாலும் பெண்களிடம்தான் இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, என்னையும் சேர்த்தே சொல்கிறேன், அது கண்ணில் படுவதில்லை. நமக்குக் காயம்தான் தெரிகிறது.

வாய்த்துடுக்கும் கூர்மையும் கொண்ட கனி அப்படிக் கணக்குப் போடத் தெரிந்தவளாகவே எனக்குத் தோன்றுகிறாள். திரைக்கதையோ ஒரு விபத்தில் அவள் கால்களை எடுத்துவிடுகிறது. அதன்பின் கேள்வி ஒன்றுதான்: ஜோதிலிங்கம் அவளை ஏற்பானா? கூலியைப் பற்றித் தொடங்கிய படம் ஓர் ஆணின் நல்ல மனதைப் பற்றியதாக முடிகிறது. என் மனக்குறை இதுதான்.

ஏறக்குறைய அதே காலத்தில் கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் 'பெண்கூட்டு' என்று ஒன்றுசேர்ந்து கழிப்பறையும் உட்காரும் உரிமையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். (கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே நாளை ஓட்டுவதை எந்தக் கேமரா காட்டும்?) 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு தன் 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கை வசதியை 2021இல்தான் சேர்த்தது. மிட்டாய்த் தெருப் பெண்கள் யாருடைய இரக்கத்துக்கும் காத்திருக்கவில்லை. நம் படத்தின் பெண்களுக்கு அப்படிக் கூடிப் பேச ஒரு காட்சி வாய்த்திருந்தால், கனியின் கதை வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

சட்டம் வந்தபிறகு கடையில் ஸ்டூல் போட்டார்களா என்று மாணவியிடம் கேட்டேன். "போட்டாங்க மேடம். உட்கார்ந்தா சூப்பர்வைசர் ஒரு பார்வை பார்ப்பார், அதுக்கு நிக்கிறதே மேல்" என்றாள்.

அந்தக் கவிதையை அடுத்த தொகுப்பில் சேர்க்கவில்லை. சீட்டையும் வட்டியையும் அதற்குள் கொண்டுவரப் பார்க்கிறேன். இன்னும் கைகூடவில்லை.