அட்டையில் யார்?

ஒரு பத்திரிகையின் அட்டை யாரோடு பேசுகிறது என்று அறிவதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. அதைப் பார்த்ததும் யாருடைய முகம் மலர்கிறது என்று கவனித்தால் போதும். விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில் ஒரு நண்பர் வீட்டில் கிடைத்த பள்ளிக்கூட ஆண்டு மலரிடம் இந்தப் பரீட்சையை நடத்திப் பார்த்தேன். எந்தப் பள்ளிக்கூடம் என்பது நமக்கு வேண்டாம். இதைப் போன்ற மலர்கள் வருஷந்தோறும் எல்லா ஊர்களிலும் அச்சாகின்றன.

வழவழப்பான தாள். பள்ளியின் பெயர் ஆங்கிலத்தில் பெரிதாகவும் தமிழில் சிறிதாகவும் இருக்கிறது. நடுவில் மூன்று மாடிக் கட்டடம். வாசலில் இரண்டு மஞ்சள் பஸ்கள். கட்டடத்துக்கு மேலே, ஆகாயத்தில், தாளாளரும் அவருடைய தகப்பனாரும் ஆளுக்கொரு வட்டத்துக்குள் மிதக்கிறார்கள். கீழே ஒரு வரிசை, பரீட்சையில் முதன்மையாகத் தேறியவர்களின் முகங்கள், தபால்தலை அளவில், மதிப்பெண்களோடு. கட்டடத்தின் ஜன்னல்களில் ஒரு தலைகூடத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் எடுத்த படமாக இருக்கவேண்டும்!

சிரிப்பது எளிது. ஆனால் இந்த அட்டையை அமைத்தவர் தம் வாசகரை நன்றாக அறிந்தவர். அந்த வாசகர் சுற்றுப்புறக் கிராமத்துத் தகப்பனார். தாம் அதிகம் படிக்காதவர். மகளைப் படிக்கவைக்கக் கடன் வாங்கத் தயாராக இருப்பவர். அவருக்கு மூன்று பயங்கள் உண்டு. பள்ளிக்கூடம் நாளைக்கும் இருக்குமா? பெண் பத்திரமாக வீடு வந்து சேருமா? கட்டிய பணம் வீணாகாமல் இருக்குமா? கட்டடம் முதல் கேள்விக்கும், பஸ் இரண்டாவதற்கும், மதிப்பெண் மூன்றாவதற்கும் பதில் சொல்கின்றன. இவ்வளவு சிக்கனமாக ஆறுதல் சொல்ல நாவலாசிரியர்களாகிய எங்களுக்குக்கூட வராது.

ஆனால் நண்பரின் பேரன், ஆறாம் வகுப்பில் படிக்கிறவன், என்ன செய்தான் தெரியுமா? அட்டையைப் பார்க்கவே இல்லை. நடுவில் புரட்டித் தன் வகுப்புப் படத்தைத் தேடினான். தன் தலையைக் கண்டுபிடித்தான். மூடிவைத்துவிட்டு விளையாடப் போனான். பெயரளவில் அது அவனுடைய பத்திரிகை. அட்டையோ அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு வார்த்தையில் சொன்னால், அது விளம்பர நோட்டீஸ். பத்திரிகை என்ற சட்டையை மாட்டிக்கொண்டிருக்கிறது.

குழந்தையோடு பேசும் அட்டை எப்படி இருக்கும்? நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947-இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’வை நினைத்துக்கொள்ளுங்கள். எம்.டி.வி. ஆச்சார்யா மகாபாரதக் காட்சிகளை அதன் அட்டைகளில் தீட்டினார். அப்படிப்பட்ட ஒரு படம் கதையின் நடுவில் நிற்பது. முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடக்கப்போகிறது என்று குழந்தை கேட்டே தீரவேண்டும். பதில் உள்ளே இருக்கிறது. கட்டடத்தின் படத்தைப் பார்த்து “அப்புறம்?” என்று எந்தக் குழந்தையும் கேட்காது.

திருவாமாத்தூரில் இதற்கா பஞ்சம்? கொம்பில்லாத பசுக்கள், தம்மைத் துன்புறுத்தும் விலங்குகளிடமிருந்து காத்துக்கொள்ளச் சிவனை வேண்டிக் கொம்பு பெற்ற இடம் இது என்கிறது தலபுராணம். ஊரின் பெயரிலேயே பசு இருக்கிறது. கொம்பில்லாத பசு ஒன்று கண்ணில் நீரோடு நிற்பதாக ஒரு மாணவன் கோணல்மாணலாக வரைந்து, அதை அட்டையில் போட்டிருந்தால்? பெரிய பையன்களிடம் குட்டு வாங்கிய எந்தச் சிறுவனும் அந்தப் பசுவை அடையாளம் கண்டுகொண்டிருப்பான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள், 1839-இல் பிறந்து 1898-இல் மறைந்தவர், கடைசியில் தங்கிச் சமாதி கொண்டது இந்த ஊரில்தான். அவர் எட்டு வயதிலேயே கவி பாடியவர் என்பது பிரசித்தம். அந்த எட்டு வயதுப் பையன் இன்றைக்கு ஓர் ஆண்டு மலருக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தால் எங்கே போடுவார்கள்? நாற்பதாம் பக்கத்தில், ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு மேலே மிஞ்சிய இடத்தில்!

“அச்சுக்கூலி கொடுப்பது தாளாளர், விளம்பரம் கொடுப்பது கடைக்காரர். குழந்தையா கொடுக்கிறது?” என்று ஒரு தலைமையாசிரியர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். தாளாளருக்கு முதல் உள்பக்கம் முழுவதையும் கொடுக்கலாம். கட்டடத்தையும் பஸ்ஸையும் பின்னட்டையில் நிறுத்தலாம். தகப்பனார் புத்தகத்தைத் திருப்பியும் பார்ப்பார். முன்னட்டை ஒன்றுதான் நான் கேட்பது.

விற்கவேண்டிய கட்டாயமில்லாத பத்திரிகைகளும் வந்திருக்கின்றன. தமிழகப் பள்ளிக்கல்வித் துறை 2022-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்காக ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்று இரண்டைத் தொடங்கியது. பெயர்களைப் பாருங்கள். ஒன்று ஆடுவது, மற்றது பறப்பது. இரண்டிலும் கட்டடம் இல்லை. பெயர் வைத்தவருக்கு வாசகர் யார் என்பது தெரிந்திருக்கிறது.

இதை அற்ப விஷயம் என்று தள்ளிவிட முடியாது. பல வீடுகளில் பாடப்புத்தகத்தைத் தவிர ஒரு குழந்தைக்குச் சொந்தமாகக் கிடைக்கும் முதல் அச்சுப் பிரதி இந்த மலர்தான். அதன் அட்டை, ‘இது பெரியவர்கள் விவகாரம்’ என்று சொன்னால், குழந்தை அதை நம்பிவிடும். படிப்பு என்பதே பெரியவர்கள் விவகாரம் என்று பிறகு முடிவு செய்துகொள்ளும். அந்த முடிவை மாற்ற மூன்று மாடிக் கட்டடத்தால் ஆகாது. ஒரு கோணல் பசுவால் ஒருவேளை ஆகலாம்.