ஏடு சொல்லும் தீர்ப்பு

திரும்பி வந்த கதையைக் கையில் ஏந்தி, 'எல்லாம் தலைவிதி' எனப் பெருமூச்செறியும் இளம் எழுத்தாளர்களை நாம் கண்டிருக்கிறோம். விதியா? இல்லை, தோழர்களே! ஜாக் லண்டன் எழுதிய 'மார்ட்டின் ஈடன்' (1909) புதினத்தைப் படியுங்கள்.

கப்பலில் உழைத்த மார்ட்டின் எழுதுகிறான், அனுப்புகிறான், எல்லாம் திரும்புகின்றன. இதழகத்தில் இருப்பவன் மனிதனா, உறை மாற்றி அனுப்பும் பொறியா என ஐயுறுகிறான். ஆயினும் ஓயவில்லை, அடுத்த இதழுக்கு அனுப்புகிறான். பின்னர்ப் புகழ் வருகிறது. தள்ளப்பட்ட அதே படைப்புகளுக்குப் பொன் குவிகிறது! எழுத்தா மாறியது? எழுதியவன் பெயருக்கிருந்த மதிப்பன்றோ மாறியது!

இது வெறும் கற்பனையன்று. 1898-ல் எழுத்தையே தொழிலாக்க முனைந்த லண்டன், எக்கதை எவ்விதழுக்குப் போயிற்று, திரும்பியதா, விலைபோனதா என ஏட்டில் குறித்துவந்தார். 1899 சனவரியில் 'ஓவர்லாண்டு மன்த்லி' அவர் கதையொன்றை வெளியிட்டது; விலை 5 டாலர்!

மார்ட்டினிடம் நாம் காணும் குறை ஒன்று: தோழமையின்றித் தனியே நின்றான், வென்றும் வெறுமையில் மாய்ந்தான். அவன் முடிவு நமக்கு வேண்டாம். லண்டனின் ஏடு வேண்டும். படியெடுத்து வைப்போம், அனுப்பிய நாளையும் இடத்தையும் குறிப்போம். கணக்கு வைப்பவன் காரணம் கேட்பான். வைக்காதவன் விதியை நோவான்!