அட்டையின் மறுபக்கம்

காசு போட்டால் ஆடும் பொம்மைகள், பந்து உருட்டும் மேஜைகள் என்று பழைய வேடிக்கை யந்திரங்களை வாங்கிப் பழுது பார்த்துச் சேர்க்கிற ரசிகர்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உண்டு. அந்த ஜாதியில் நம் ஜனங்கள் நன்றாக அறிந்தது, ரெயில்வே ஸ்டேஷனில் நின்ற எடை பார்க்கும் யந்திரம்தான்.

ஜவ்வாது மலை அடிவாரத்தில், ஆலங்காயத்தில் இருக்கும் என் நண்பர், ஓய்வு பெற்ற எஞ்சினீயர், அதில் ஒன்றைப் பழைய இரும்புக் கடையிலிருந்து மீட்டு வந்திருக்கிறார். வந்து பாருங்கள் என்றார், போனேன்.

வேலை என்னவோ அற்புதம். துருவை மண்ணெண்ணெயில் ஊற வைத்து எடுத்து, அடியிலுள்ள நெம்புகோல்களைச் சீராக்கி, 25 கிலோ அரிசி மூட்டையை வைத்துச் சரி பார்த்திருக்கிறார். காசுத் துவாரத்தோடுதான் அதிகம் மல்லாட வேண்டியிருந்ததாம். 1957-இல் வந்த பத்து நயா பைசா 5 கிராம் எடை. 1971-இலிருந்து வந்த அலுமினியப் பத்துப் பைசா அதில் பாதிகூட இல்லை. அதை யந்திரம் சட்டை செய்யாது. 2011 ஜூன் 30 முதல் இரண்டுமே செல்லாக் காசுகள். நண்பர் பிடிவாதமாகப் பழைய நிக்கல் காசுகளை ஒரு டப்பா நிறையச் சேர்த்திருக்கிறார். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடித்தது. சுவிட்சைத் தட்டி ஓட்டினால் அது வெறும் தராசு.

ஏறி நின்றேன். விளக்குகள் சிமிட்டின, சக்கரம் சுழன்றது, கடகடவென்று அட்டை விழுந்தது. எடை சரி. திருப்பினேன். வெள்ளை.

"ஜோசியம் எங்கே?"

"அந்த மூடநம்பிக்கையை எதற்குப் புதுப்பிக்க வேண்டும்?" என்றார்.

இங்கேதான் எங்களுக்குள் அபிப்பிராய பேதம். 1991-இல் என் தகப்பனார் வைத்தியத்துக்காக மாதந்தோறும் வேலூர் போய் வந்தார். காட்பாடி பிளாட்பாரத்தில் இறங்கியதும் யந்திரத்தில் ஏறுவார். 61, 58, 54. எண்ணைப் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். பிறகு மறுபக்கத்து இங்கிலீஷ் வரியை என்னை வாசிக்கச் சொல்வார். நல்ல சேதி வரும், உழைப்புக்குப் பலன் உண்டு என்று ஏதாவது இருக்கும். அட்டையைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்துவார். அவர் அதை நம்பினார் என்று நான் நினைக்கவில்லை. கதை படிக்கிறவர்கள் கதையை நம்புகிறார்களா என்ன? எடையை ஆஸ்பத்திரியில் இனாமாகவே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அவர் காசு போட்டது மறுபக்கத்துக்காக. அதை வெள்ளையாக விட்ட யந்திரம் பாதிதான் பிழைத்திருக்கிறது.

மறுநாள் மலையேறிக் காவலூர் வானாய்வகத்துக்குப் போனோம். அங்கே 1972-இல் நிறுவிய ஒரு மீட்டர் ஜெய்ஸ் தொலைநோக்கி இருக்கிறது; யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது 1977-இல் தெரியவந்ததில் அதற்கும் பங்குண்டு. "பழையதைப் பேணுவதென்றால் இப்படிப் பேண வேண்டும்" என்று நண்பர் பூரித்தார்.

"கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டு, நட்சத்திரம் பார்ப்பது மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?" என்றேன்.

பஸ் கீழே இறங்கும் வரை அவர் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் நீங்களே எழுதிக் கொடுங்கள், அச்சடிக்கிறேன்" என்றார்.

சுலபமாக ஒப்புக்கொண்டுவிட்டேன். ஒரே வரி, எவருக்கும் பொருந்த வேண்டும், பயமுறுத்தக் கூடாது, அசட்டு ஆறுதலாகவும் இருக்கக் கூடாது. பெயர் தெரியாத எவரோ இதையெல்லாம் அநாயாசமாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள். நான் இரண்டு வாரம் உட்கார்ந்து நாற்பது எழுதினேன். அனுப்பத் தகுந்தவையாக ஆறுதான் தேறின.